உளவு ஸ்பிட்ஃபயருக்கு என்ன நிறம்?

விமான வரலாற்று நூல் எதைப் புரட்டினாலும் நடுவில் சில வழுவழுப்பான தாள்கள் வரும். பக்கத்துக்கு இரண்டு மூன்று விமானங்கள். மூக்கு இடப்பக்கம் நோக்க, சக்கரங்கள் உள்ளே மடங்கியிருக்க, நிலமும் நிழலும் இல்லாமல் வெள்ளைத்தாளில் மிதக்கும் பக்கவாட்டு வண்ணப்படங்கள். இத்துறையில் இவற்றைப் ‘புரொஃபைல்’ என்பார்கள். நூலை வாங்குகிறவர் முதலில் பார்ப்பதும், படித்து முடித்தபின் நினைவில் வைத்திருப்பதும் இந்தப் பக்கங்களைத்தான். அதே நூலில் எழுதும் வரலாற்றாசிரியர் ‘இருக்கலாம்’, ‘எனத் தெரிகிறது’ என்று சொல்லி நழுவிவிடலாம். ஓவியருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. வாலுக்கு என்ன வண்ணம் என்பது தெரியாவிட்டாலும் வாலை வரைந்தாக வேண்டும். வரைந்தால் ஏதாவது ஒரு வண்ணத்தைப் பூசியாக வேண்டும்.

எனவே ஒவ்வொரு புரொஃபைலும் படம் என்ற பெயரில் முன்வைக்கப்படும் ஒரு வாதம். அந்த வாதத்துக்குச் சான்று எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே பளபளப்பில் அச்சாகியிருக்கும்.

சாதாரணப் போர் விமானங்களில் இந்தச் சிக்கல் ஓரளவு அடங்கிக் கிடக்கும். அவற்றுக்கு அமைச்சகம் வகுத்த வண்ணக் கோலம் உண்டு. ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தன. இரண்டாம் உலகப்போரில் எதிரி நாட்டின்மேல் பறந்து படமெடுத்த உளவு ஸ்பிட்ஃபயர்களின் கதை வேறு. எண்ணிக்கை குறைவு, ரகசியம் அதிகம், தொடக்க காலத்தில் எல்லாமே சோதனை. பெரும்பாலும் துப்பாக்கி இல்லாத இந்த விமானங்களுக்கு வேகமும் உயரமும்தான் பாதுகாப்பு. அவை போதாத இடத்தில் வண்ணம் கைகொடுக்க வேண்டும். அதனாலேயே அதில் ஓயாமல் மாற்றங்கள் செய்தார்கள். அந்த மாற்றங்களைப் பதிவு செய்த படங்களோ பெரும்பாலும் கறுப்பு வெள்ளை.

இந்த வண்ணக் கதையின் தொடக்கத்திலேயே ஓர் இந்திய விமானம் நிற்கிறது. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலியர், போர் வெடிப்பதற்கு முந்தைய மாதங்களில், வணிகப் பயணம் என்ற போர்வையில் லாக்ஹீட் 12 விமானத்தில் ஜெர்மனிமேல் பறந்து மறைவான கேமராக்களால் படமெடுத்தவர். லண்டனுக்கு அருகிலுள்ள ஹெஸ்டன் விமானநிலையத்தில் ஒருநாள் ஜோத்பூர் மகாராஜாவின் சொந்த விமானம் கிளம்பியதாகவும், வெளிறிய பச்சை பூசிய அந்த விமானம் மற்றவற்றைவிட விரைவாக வானத்தில் கலந்து மறைந்ததாகவும் காட்டன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். காட்டன் கதை சொல்வதில் கெட்டிக்காரர். இதில் எத்தனை பங்கு மெருகு என்று யாரும் அளந்து பார்க்க முடியாது. ஆனால் தன் விமானத்துக்கு அதையொத்த பச்சையைப் பூசிக்கொண்டதும், அதற்குக் ‘கேமோடின்ட்’ என்று பெயர் வைத்ததும் உண்மை.

இதே சமயத்தில் பிரிட்டிஷ் விமானப்படையில் மாரிஸ் லாங்பாட்டம் என்ற இளம் அதிகாரி 1939 ஆகஸ்டில் ஒரு குறிப்பை மேலிடத்துக்கு அனுப்பினார். உளவுப் படமெடுக்கப் பெரிய குண்டுவீச்சு விமானம் வேண்டாம். துப்பாக்கியையும் ரேடியோவையும் கழற்றிவிட்டு எரிபொருளும் கேமராவும் ஏற்றிய சிறிய, மிக வேகமான ஒற்றை இருக்கை விமானமே போதும் என்பது அதன் சாரம். காட்டனும் அவரும் ஹெஸ்டனில் சேர்ந்தார்கள். போர்முனைக்குத் தேவைப்பட்ட ஸ்பிட்ஃபயர்களில் இரண்டு, என்.3069, என்.3071, அவர்கள் கைக்கு வந்தன. துப்பாக்கித் துளைகளை அடைத்தார்கள், இணைப்பு இடுக்குகளை நிரப்பி உடல் முழுவதையும் தேய்த்து மெருகேற்றினார்கள், எஃப்.24 கேமராக்களை இறக்கையில் பொருத்தினார்கள். மேலே கேமோடின்ட் பூசினார்கள். 1939 நவம்பர் 18 அன்று பிரான்ஸின் செக்ளினிலிருந்து லாங்பாட்டமே என்.3071-ஐ ஓட்டிச் சென்று, 33,000 அடி உயரத்திலிருந்து ஆக்கன் நகரப் பகுதியைப் படமெடுத்தார். உளவு ஸ்பிட்ஃபயரின் முதல் பணி அது.

ஆக, முதல் உளவு ஸ்பிட்ஃபயர் நீலமும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. வெளிறிய பச்சை. பல நூல்களில் வரும் ‘முதல் உளவு ஸ்பிட்ஃபயர்’ புரொஃபைலை இந்த ஒரு கேள்வியாலேயே எடைபோட்டுவிடலாம். கேமோடின்ட் வம்சம் அங்கே முடியவும் இல்லை. 1940 ஜூனில் பிரிட்டிஷ் பகல்நேரப் போர் விமானங்களின் அடிப்பகுதிக்கு ஆணையான ‘ஸ்கை’ நிறம் இதன் வழித்தோன்றல் என்பதே ஆய்வாளர்களிடையே பரவலான முடிவு. அந்தக் கோடையில் போதிய பெயின்ட் வந்து சேராமல், படைப்பிரிவுகள் கையிலிருந்த நீலத்தையும் பச்சையையும் கலந்து தாமே ஒப்பேற்றின. பிரிட்டன் வான்போரின் விமான அடிவயிற்று நிறம் பற்றி இன்றும் நடக்கும் சண்டைகளுக்கு விதை அங்கேதான் விழுந்தது.

பச்சை ஏன் நீடிக்கவில்லை? முப்பதாயிரம் அடிக்கு மேல் போகப்போக வானம் வெளிறுவதில்லை, இருள்கிறது. காற்று அடர்த்தி குறைவதால் சிதறும் ஒளியும் குறைகிறது. கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கோ, அதே உயரத்தில் துரத்தி வருபவருக்கோ, அடர்நீலப் பின்புலத்தில் வெளிறிய விமானம் மின்னும் புள்ளியாகத் தெரியும். எனவே உயரப் பறப்பவற்றுக்கு மேலும் கீழும் முழுவதுமாகச் சாம்பல் கலந்த நடுத்தர நீலம் பூசினார்கள். உளவுப்பட பிரிவின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கத்தை ஒட்டி அது ‘பி.ஆர்.யூ. நீலம்’ ஆனது. 229 விமானங்கள் கட்டப்பட்ட பி.ஆர். 4, 471 கட்டப்பட்ட பி.ஆர். 11, கிரிஃபன் எஞ்சின் பொருத்திய 225 பி.ஆர். 19 என்று உளவு ஸ்பிட்ஃபயர் குடும்பத்தின் பெரும்பகுதி இந்த நீலத்தில்தான் பறந்தது. ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பல் நார்வேயின் ஃபியோர்டில் நின்றிருந்ததை 1941 மே 21 அன்று மைக்கேல் சக்ளிங் படமெடுத்ததும், 1943 மே 17 காலையில் குண்டுவீச்சில் உடைந்த ஜெர்மனியின் மோன அணையை விமானி ஃப்ரே படமெடுத்ததும் ஸ்பிட்ஃபயர்களிலிருந்துதான்.

எந்த வண்ணமும் தீர்க்க முடியாத எதிரி ஒன்று இருந்தது: வால்பக்கம் நீளும் வெண்புகைக் கோடு. எஞ்சின் கழிவிலுள்ள நீராவி உறைந்து உருவாகும் அந்தக் கோடு வானத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டிவிடும். விமானிகள் கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி, கோடு உருவாகும் அடுக்குக்குச் சற்றுக் கீழே பறக்கப் பழகிக்கொண்டார்கள். நீலத்தின் பெருமையை அளவுக்கு மீறிப் பேசும் நூலாசிரியர்கள் இந்த விஷயத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள்.

இனி, எல்லோரும் கேட்கும் இளஞ்சிவப்பு.

மேகம் கவிந்த நாளில் உயரப் பறந்தால் கேமராவுக்கு மேகம் மட்டும்தான் கிடைக்கும். இலக்கைப் படமெடுக்க மேகத்தின் அடிவயிற்றை ஒட்டித் தாழப் பறக்க வேண்டும். வெளுத்த மேகத்தின் கீழே நீல விமானம் கறுத்துத் தெரியும். அதற்கு விடையாக வந்தது, வெள்ளையில் சிவப்பு துளிபோலக் கலந்த மிக வெளிறிய நிறம். விடியலிலும் அந்தியிலும் மேகம் சற்றே சிவக்கும்போது அது இன்னும் நன்றாக ஒன்றிப்போகும். தாழப் பறந்து படமெடுக்கும் ‘ஜி’ வகை ஸ்பிட்ஃபயர்களுக்கு இதைப் பூசினார்கள். அவற்றில் துப்பாக்கிகளும் இருந்தன. நார்மண்டித் தரையிறக்கத்துக்குப் பின் 16-ஆம் படைப்பிரிவின் எஃப்.ஆர். 9 ஸ்பிட்ஃபயர்களும் இந்த வண்ணத்தில் பறந்தன. மேலேயிருந்து பார்க்கும் எதிரிக்கு இந்த விமானம் தரையின் கரும்பச்சைமேல் பளிச்சென்று தெரியும் என்பது அந்த விமானிகளுக்கும் தெரிந்த ஆபத்துதான். தலைக்குமேல் மேகக் கூரை இருக்கும்வரையில்தான் அந்த வண்ணத்துக்கு வேலை.

இந்தப் பின்னணியை மறந்து வரைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சந்தையில் உதாரணங்கள் ஏராளம். ரோஸ்மில்க் நிறத்தில் குளித்தெழுந்த ஸ்பிட்ஃபயர்கள் புத்தக அட்டையிலும் பொம்மை விமானப் பெட்டியிலும் சிரிக்கின்றன. விற்பனைக்கு நல்லதுதான், போர் விமானம் இளஞ்சிவப்பு என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் மேகத்தில் மறைய வேண்டிய விமானத்துக்கு அத்தனை அழுத்தமான சிவப்பைப் பூசக் காரணமே இல்லை. நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பொருள் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மட்டுமே சிவப்பு தெரிகிற அளவுக்கு வெளிறியதாக வரைவதே பணிக்கும் சான்றுக்கும் பொருந்தும்.

அப்படியானால் புகைப்படத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் ஓவியர் சறுக்கும் வழுக்குப்பாறை இருக்கிறது. அக்காலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் ஒரே வகையானவை அல்ல. ஆர்த்தோகுரோமாடிக் என்ற பழைய வகைக்குச் சிவப்பொளி தெரியாது. அதில் சிவப்பும் மஞ்சளும் கறுத்துப்போகும், நீலம் வெளுத்துப்போகும். பான்குரோமாடிக் வகை எல்லா நிறங்களையும் ஓரளவு நம் கண்ணைப்போலவே பதியும். அதன்மேலும் படக்காரர் மேகத்தை எடுப்பாகக் காட்ட மஞ்சள் வடிகட்டியை மாட்டியிருந்தால் நீலம் மறுபடி கறுக்கும். ஒரே பி.ஆர்.யூ. நீல விமானம் ஒரு படத்தில் கிட்டத்தட்ட வெள்ளையாகவும் இன்னொன்றில் இருண்ட சாம்பலாகவும் தெரிவது இப்படித்தான். வெளிறிய விமானம் ஒன்றின் பழைய படத்தைக் காட்டி ‘இது இளஞ்சிவப்பு’ என்று யாராவது அடித்துச் சொன்னால், அது வெளிறிய நீலமோ பச்சையோ வெள்ளையோ அல்ல என்பதை அவர் எப்படி விலக்கினார் என்று கேட்க வேண்டும்.

விலக்க ஒரு வழி உண்டு. உளவு விமானங்களில் பொதுவாகப் போட்ட வட்டச் சின்னம் வெள்ளையும் மஞ்சளும் இல்லாதது. நடுவில் சிவப்பு, சுற்றிலும் நீலம். இந்த இரண்டு நிறங்களும் என்னவென்று நமக்கு நிச்சயமாகத் தெரியும். படத்தில் நடுவட்டம் சுற்றுவளையத்தைவிட மிகக் கறுத்திருந்தால் படச்சுருள் ஆர்த்தோ வகை. வளையம் கறுத்து, நடுவட்டம் அதைவிட வெளுத்திருந்தால் பான்குரோமாடிக், ஒருவேளை வடிகட்டியுடன். தெரிந்த இரண்டு நிறங்களிலிருந்து படச்சுருளைக் கண்டுபிடித்து, அதன்பிறகு தெரியாத மூன்றாவது நிறத்துக்கு வர வேண்டும். நல்ல ஓவியர்கள் தூரிகையைத் தொடுவதற்கு முன் செய்யும் வேலை இதுதான். இதைச் செய்தும் சில சமயம் இரண்டு விடைகள் மிஞ்சும்.

வண்ணப் படங்கள் இல்லாமல் இல்லை. கோடாக்கின் கோடாகுரோம் 1935-இலேயே வந்துவிட்டது. ஆனால் போர்க்கால பிரிட்டனில் அது அரிது. அமெரிக்கர்களிடம் தாராளமாக இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே மவுன்ட் ஃபார்ம் தளத்திலிருந்த அமெரிக்க 14-ஆம் படப்பிரிவு பி.ஆர். 11 ஸ்பிட்ஃபயர்களை ஓட்டியது. 1944 மார்ச் 6 அன்று வால்டர் வைட்னர் அதிலொன்றில் பெர்லின்வரை சென்று வந்தார். அதே பிரிவின் ஜான் பிளைத் சக்கரம் இறங்காமல் பி.ஏ.944 விமானத்தை வயிற்றில் தேய்த்து இறக்கியதை யாரோ 16 மி.மீ. கேமராவில் பிடித்துவைத்திருந்தார்கள். அறுபதாண்டுகளுக்குப் பின் அந்தச் சுருளை பிளைத்துக்கே போட்டுக் காட்டி எடுக்கப்பட்டதுதான் ‘ஸ்பிட்ஃபயர் 944’ என்ற குறும்படம். இப்படி அசையும் படம் ஒன்று கிடைத்தால் ஓவியருக்கு அது புதையல். ஒரே விமானத்தைப் பல கோணங்களில் பல ஒளியில் பார்க்க முடிகிறது. ஆனாலும் பழைய வண்ணச்சுருளும் சாட்சி சொல்வதில் முழு நேர்மை காட்டாது. நீல வானத்தின் கீழே நிழலில் நிற்கும் எந்தப் பொருளும் நீலம் ஏறித் தெரியும். நகலெடுக்க நகலெடுக்க நிறம் நகரும்.

படத்தை விட்டுவிட்டு பெயின்டுக்கே போனால்? பிரிட்டிஷ் தரநிலையான பி.எஸ். 381சி-யில் 636 என்ற எண்ணில் பி.ஆர்.யூ. நீலம் இன்றைக்கும் இருக்கிறது. பெயின்ட் கடையில் அந்த எண்ணைச் சொல்லிக் கலக்கச் சொல்லலாம். 1970களில் பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் சார்பில் வந்த வண்ண நூலில் அமைச்சகத்தின் வண்ணங்கள் அச்சு மையில் அல்லாமல் உண்மையான வண்ணச் சில்லுகளாகவே ஒட்டப்பட்டிருந்தன. ஆய்வாளர்கள் அந்த நூலைப் பொன்போல வைத்திருக்கிறார்கள். ஆனால் சில்லு காட்டுவது ஆணையிட்ட வண்ணத்தை. தளத்தில், பீப்பாயின் அடிமட்டத்தில், வேறு தொழிற்சாலையின் கலவையில், மழையும் வெயிலும் பட்ட பிறகு என்ன இருந்தது என்பதற்குச் சில்லு பொறுப்பேற்காது. 1942 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான வாஸ்ப்பிலிருந்து மால்டாவுக்குப் பறந்த 47 ஸ்பிட்ஃபயர்களின் பாலைவன வண்ணத்தைக் கடலுக்கேற்ப மறைக்க எந்த நீலத்தைப் பூசினார்கள் என்ற விவாதம் எண்பதாண்டுகளாக முடியவில்லை. அவை உளவு விமானங்கள் அல்ல. ஆனால் எண்ணற்ற கண்கள் பார்த்த, பல படங்கள் எடுக்கப்பட்ட விமானங்கள். அவற்றுக்கே இந்த நிலை.

சில்லின் நிறத்தைத் துல்லியமாகப் பிடித்தாலும் அதை அப்படியே தாளில் இறக்கினால் படம் கனத்துப்போகும். பி.ஆர். 11 ஸ்பிட்ஃபயரின் நீளம் 31 அடி 4½ அங்குலம். 72-இல் ஒரு பங்காக வரைந்தால் 13 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உண்மையான விமானத்தை அந்த அளவில் பார்க்க வேண்டுமானால் நெடுந்தூரம் தள்ளி நிற்க வேண்டும். இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுக்கச் செய்யும். ஆகவே ஓவியர் கொஞ்சம் வெள்ளை சேர்க்கிறார். எவ்வளவு என்பதற்குச் சூத்திரங்கள் சொல்கிறவர்கள் உண்டு. கண்தான் கடைசி நீதிபதி. அதன்பின் அச்சகம் வருகிறது. திரையில் சாம்பல்நீலமாக இருந்தது நான்கு மை அச்சில் கொஞ்சம் மஞ்சள் கூடினாலும் பச்சைக்குச் சாய்ந்துவிடும். பி.ஆர்.யூ. நீலம் போன்ற செறிவில்லாத நிறங்கள்தான் இதில் முதலில் பலியாகின்றன.

வண்ணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வடிவம் கைவிட்டுப்போகும். உளவு ஸ்பிட்ஃபயரைப் போர் விமானத்தின் வரைச்சட்டத்தில் நீலம் பூசி ஒப்பேற்றுவது பழைய தந்திரம். தெரிந்தவர் கண்ணுக்கு அது உடனே பிடிபடும். பி.ஆர். 11-இல் பெரிய எண்ணெய்த் தொட்டிக்காக மூக்கின் தாடை தடித்திருக்கும். முன்கண்ணாடியில் கவசப்பலகை இல்லை. ஒரே வளைவாகச் சுற்றிவரும். இறக்கை முன்விளிம்பில் துப்பாக்கித் துளைகள் இல்லை, எரிபொருள் தொட்டிதான். விமானி கீழே எட்டிப் பார்க்க வசதியாகச் சில வகைகளில் மேற்கூடு பக்கவாட்டில் புடைத்திருக்கும். உடலின் அடியில், இருக்கைக்குப் பின்னே, செங்குத்துக் கேமராக்களின் வட்டச் சாளரங்கள். அவற்றின் இடம் வகைக்கு வகை மாறும்.

எழுத்துகளையும் எண்களையும் இடத்தில் வைப்பது இன்னொரு பாடு. தரையில் நின்று எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் வால் சிறிதாகவும் தெரியும். அதிலிருந்து நேரடியாக அளவெடுத்தால் எல்லாம் பிசகும். உடலின் தகட்டு இணைப்புகளையும் ஆணி வரிசைகளையும் அளவுகோலாக வைத்து, எழுத்து எந்த இணைப்பில் தொடங்கி எதில் முடிகிறது என்று எண்ணித்தான் இடம் குறிக்க வேண்டும். நார்மண்டித் தரையிறக்கத்துக்காக நேச நாட்டு விமானங்களுக்குப் போட்ட கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இன்னொரு பொறி. ஒற்றை எஞ்சின் விமானத்துக்குப் பட்டை 18 அங்குல அகலம் என்பது ஆணை. ஆனால் பல தளங்களில் ஒரே இரவில், கிடைத்த தூரிகையால், கைக்கு வந்தபடி பூசினார்கள். புரொஃபைல்களிலோ அவை கணினி வரைந்த நேர்கோடுகள்.

தெற்காசியாவுக்கு வந்தால் கதை வேறு திருப்பம் எடுக்கிறது. 1942 இறுதியில் கல்கத்தாவின் டம்டம் தளத்துக்கு பி.ஆர். 4 ஸ்பிட்ஃபயர்கள் வந்தன. 1943 ஜனவரியில் அங்கிருந்த உளவுப்பட பிரிவு 681-ஆம் படைப்பிரிவானது. பர்மாவின் மேல் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பிவிடக் கூடாது என்று பிரிட்டிஷ் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டார்கள். அடர்நீலத்துக்குள் வெளிர்நீலம் என்ற சின்னம் பி.ஆர்.யூ. நீல உடலில் அமர்ந்தபோது, நீலத்தின்மேல் நீலத்தில் நீலம். கறுப்பு வெள்ளைப் படத்தில் இவற்றைப் பிரித்தறிவது கண்ணைச் சோதிக்கும் வேலை. மேலே சொன்ன சிவப்பு–நீலச் சோதனையும் இங்கே உதவாது. 684-ஆம் படைப்பிரிவின் மஸ்கிடோ விமானங்கள் திருகோணமலைக்கு அருகிலுள்ள சீனக்குடாத் தளத்திலிருந்தும் பறந்து அந்தமான், நிக்கோபார், சுமத்ரா கரைகளைப் படமெடுத்தன. மரத்தால் ஆன மஸ்கிடோவுக்கு இந்தப் பக்கத்து வெப்பமும் ஈரமும் ஒத்துக்கொள்ளவில்லை. 1944 இறுதியில் ஒட்டு விட்டுப்போய் விபத்துகள் நேர்ந்து, விமானங்களைத் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். கிழக்கின் மஸ்கிடோக்களுக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் அலுமினியப் பூச்சு வந்தது. எதிரியிடமிருந்து மறைவதைவிட இறக்கை கழன்று விழாமல் இருப்பது முக்கியம் என்றால் வெள்ளிநிறம்தான் சரி. எல்லா உளவு விமானமும் நீலம் என்று நினைத்து வரையும் ஓவியர் இங்கே தடுக்கி விழுகிறார்.

தரைப்படைக்காகத் தாழப் பறந்து வேவு பார்த்த விமானங்களும் நீலத்துக்குள் வரமாட்டா. பர்மாவின் அரக்கானில் ‘பதினான்காம் படையின் கண்கள்’ என்று பெயரெடுத்த இந்திய விமானப்படையின் 6-ஆம் படைப்பிரிவு, மெஹர் சிங் தலைமையில் ஓட்டிய ஹரிக்கேன்கள், துப்பாக்கியோடு, காட்டுக்கேற்ற பச்சையும் மண்ணிறமுமாகவே பறந்தன.

அமெரிக்கர்கள் வேறொரு சோதனை செய்து பார்த்தார்கள். லைட்னிங் விமானத்தின் உளவு வடிவங்களான எஃப்-4, எஃப்-5 ஆகியவற்றுக்குப் ‘பனிமூட்டப் பூச்சு’ ஒன்று தயாரானது. அடர்ந்த அடிப்பூச்சின்மேல் மிக மெல்லிய வெண்ணிறப் படலம். பார்க்கும் கோணத்துக்கும் ஒளிக்கும் ஏற்ப நீலமாகவும் சாம்பலாகவும் மாறித் தெரியும். போர்க்களத்தில் அதைப் பூசுவதும் பராமரிப்பதும் பெரும்பாடாகிப் பிறகு எளிய செயற்கைப் பூச்சுக்கு மாறினார்கள். கோணத்துக்குக் கோணம் மாறும் வண்ணத்தை அசையாத ஒரே பக்கவாட்டுப் படத்தில் எப்படிக் காட்டுவது? ‘குட்டி இளவரசன்’ எழுதிய செயிந் தெக்ஸுபெரி 1944 ஜூலை 31 அன்று ஓட்டிச்சென்று திரும்பாத விமானம் ஓர் எஃப்-5பி. மார்சேய் அருகே கடலடியில் கிடைத்த சிதைவில் பொறித்திருந்த உற்பத்தி எண் 2734 அது அவருடையதுதான் என்று உறுதிசெய்தது. விமானம் எது என்பதை உலோகம் சொல்லிவிட்டது. அன்று காலை அதன் மேற்பூச்சு எந்த நிலையில் இருந்தது என்பதை அறுபதாண்டு உப்புநீர் சொல்லாது. ஆனாலும் அந்த விமானத்தின் புரொஃபைல்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்ட நீலங்களில், ஒரே தன்னம்பிக்கையோடு வெளிவந்துகொண்டிருக்கின்றன.

புரொஃபைல் கலையின் நவீன வரலாறு 1960களின் நடுவில் பிரிட்டனில் புரொஃபைல் பப்ளிகேஷன்ஸ் வெளியிட்ட மெல்லிய, மலிவான நூல் வரிசையிலிருந்து தொடங்குகிறது எனலாம். ஒரு நூலுக்கு ஒரு விமானம், நடுவில் வண்ணப் பக்கவாட்டுப் படங்கள். ஜேம்ஸ் கூல்டிங் போன்றவர்கள் 1970களில் ஆணைகளையும் படங்களையும் ஒப்பிட்டு, வண்ணக் கோலத்தையே தனி ஆய்வாக வளர்த்தார்கள். ஜப்பானில் ரிக்யூ வாட்டனபே உலோகத்தின் பளபளப்பையே தாளில் கொண்டுவந்தார். கணினி வந்தபின் ஸ்வீடனின் கிளேஸ் சுந்தின் போன்றவர்களின் படங்களில் ஆணித்தலைகூட எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வளர்ச்சியில் ஒரு விபரீதமும் ஒளிந்திருக்கிறது. நுணுக்கம் கூடக்கூடச் சான்று கூடியதாக ஒரு தோற்றம் உண்டாகிறது. பழைய தட்டைப் படத்தைப் பார்த்தவர் அதைப் படம் என்றே எடுத்துக்கொண்டார். இன்றையதைப் பார்ப்பவர் புகைப்படம் என்று நினைக்கிறார். கூடவே நகலெடுக்கும் வழக்கமும் பெருகிவிட்டது. ஒரு நூலில் யாரோ ஊகித்து இட்ட எழுத்து, அடுத்த நூலில் ‘ஆதாரம்’ ஆகி, பொம்மை விமானப் பெட்டியின் ஒட்டுப்படமாகி, அதைப் பார்த்து வரைந்த மூன்றாவது நூலில் மறுக்க முடியாத உண்மையாகிவிடுகிறது. மூலப் படத்தைத் தேடிப் போனால் அந்த எழுத்து இருக்கும் பக்கமே படத்தில் இருக்காது.

பறக்கும் நிலையிலுள்ள பழைய விமானங்களைப் பார்த்து வரையலாமே என்றால், அவையும் வேடம் போட்டவை. உளவு ஸ்பிட்ஃபயர் பிரிட்டிஷ் விமானப்படைக்காகச் செய்த கடைசிப் பணி 1954 ஏப்ரல் 1 அன்று சிங்கப்பூரின் செலேட்டர் தளத்திலிருந்து நடந்தது. 81-ஆம் படைப்பிரிவின் பி.எஸ்.888, ஜோகூர்க் காட்டின் மேல் பறந்து கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் மறைவிடங்களைப் படமெடுத்தது. அதன் மூக்கில் ‘தி லாஸ்ட்!’ என்று எழுதினார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பிரிவிலிருக்கும் பி.எஸ்.915 பல ஆண்டுகள் இந்த பி.எஸ்.888-இன் வண்ணத்தையும் வாசகத்தையும் சுமந்து பறந்தது. டேட்டனிலுள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தின் பி.ஏ.908, 14-ஆம் படப்பிரிவின் வேறொரு விமானமாக நிற்கிறது. இவை நேர்மையான அஞ்சலிகள், ஏமாற்று இல்லை. ஆனால் அந்த வண்ணங்களைத் தீர்மானித்தவர்கள் பார்த்ததும் புகைப்படங்களையும் புரொஃபைல்களையும்தான். அவற்றைச் சான்றாக வைத்து மீண்டும் புரொஃபைல் வரைந்தால் பாம்பு தன் வாலைத் தின்ற கதைதான்.

அழுக்கு விஷயத்திலும் ஓவியர்கள் கைமீறுகிறார்கள். உரிந்த பெயின்டும் வழிந்த எண்ணெயும் புகைக்கறையும் படத்துக்கு உயிர் தரும் என்பது உண்மை. ஆனால் பிரிட்டனின் பென்சன் தளத்து உளவு விமானங்களைத் தரைப்பணியாளர்கள் தேய்த்து மெருகேற்றியதே வேகத்துக்காக. மேற்பரப்பின் சொரசொரப்பு மணிக்குச் சில மைல்களைத் தின்றுவிடும். அந்தச் சில மைல்கள்தான் துப்பாக்கியில்லாத விமானியின் உயிர். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பூட்ஸ் தேய்த்த தடம், எரிபொருள் மூடியைச் சுற்றிக் கசிவு, ஈயம் கலந்த பெட்ரோலின் வெளிறிய சாம்பல் கறை எஞ்சின் குழாய்க்குப் பின்னே. பெரும்பாலான விமானங்களுக்கு இவ்வளவு போதும்.

எந்தப் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தது, அதில் எந்தப் பக்கம் தெரிகிறது, எந்தப் பகுதி ஊகம் என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி அச்சிடப் பதிப்பாளர்கள் தயங்குகிறார்கள். படத்தின் மீதான நம்பிக்கை குறையும் என்ற பயம். ஆனால் அந்த இரண்டு வரி இல்லாத புரொஃபைலை நம்பக் காரணம் எதுவும் இல்லை. புகைப்படத்தில் இடப்பக்கம் மட்டுமே தெரியும் விமானத்துக்கு வலப்பக்கத்தை வரையாமல் விடுவதே ஒழுங்கு. பழைய தலைமுறை ஓவியர்களில் சிலர் அப்படி விட்டிருக்கிறார்கள்.

இந்தக் கேள்விகள் இப்போது தாளைவிட்டு உலோகத்துக்கு வந்திருக்கின்றன. 1942 மார்ச் 5 அன்று ஸ்காட்லாந்தின் விக் தளத்திலிருந்து டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தேடிச் சென்று நார்வேயில் சுட்டு வீழ்த்தப்பட்ட பி.ஆர். 4 ஸ்பிட்ஃபயர் ஏ.ஏ.810-இன் சிதைவுகள், மலைச் சதுப்பிலிருந்து 2018-இல் மீட்கப்பட்டன. அதன் விமானி அலஸ்டர் கன் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டு, 1944-இல் சிறைமுகாமிலிருந்து சுரங்கம் வழியே தப்பிய கைதிகளில் ஒருவராகி, மீண்டும் பிடிபட்டுக் கெஸ்டபோவால் கொல்லப்பட்டார். அந்த விமானத்தை மறுபடி பறக்கவைக்கும் பணி பிரிட்டனில் தொடங்கியிருக்கிறது. பி.எஸ். 381சி-யின் 636-ஆம் எண்ணை அப்படியே பூசுவதா, 1942-இன் குளிர்கால விக் தளத்தில் ஒரு பீப்பாயில் இருந்திருக்கக்கூடிய நீலத்தைத் தேடுவதா என்பதை அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். எதைத் தேர்ந்தாலும், அடுத்த ஐம்பதாண்டுப் புரொஃபைல் ஓவியர்கள் அதைப் பார்த்துத்தான் வரையப்போகிறார்கள்.